விலைச் சீட்டில் ஒரு பிழை: கூஃபாவின் பட்டுக் கடை முதல் இணைய அங்காடி வரை

காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயிலுக்குச் செல்லும் வழியை ஒட்டிப் பரந்து கிடக்கும் பிள்ளையார்பாளையம் நெசவாளர்களின் பகுதி. அதிகாலையில் அங்கே சென்றால் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டியிருப்பதைக் காணலாம். வீட்டுக்குள்ளிருந்து தறியோசை கேட்டுக்கொண்டேயிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன், நம் மகளின் நிக்காஹ்வுக்குச் சேலை எடுக்க வேண்டி நாமும் இல்லத்தாரும் அப்பகுதியிலுள்ள ஒரு விற்பனை நிலையத்துக்குச் சென்றிருந்தோம். பேரம் கிடையாது, ஒவ்வொரு சேலையிலும் நூலில் கோத்த ஒரு சீட்டு, அதில் எழுதியதே விலை.

அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக ஒரு கோர்வைச் சேலை. கோர்வை என்றால் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாய், வெவ்வேறு நாடாவில் நெய்து, ஒவ்வோர் இழையிலும் கோத்துச் சேர்ப்பது. தறியில் ஒருவர் அமர்ந்தால் போதாது, துணைக்கு இன்னொருவர் வேண்டும். அதன் சீட்டில் 9,450 ரூபாய் என்றிருந்தது. அதே அடுக்கில், அதே தரத்தில் இருந்த மற்ற சேலைகளின் சீட்டுகளில் பத்தொன்பதாயிரத்துக்கு மேல் இருந்தது. சீட்டைப் பார்த்த கணமே நமக்குப் புரிந்துவிட்டது: எழுதியவர் கையில் முன்னிலக்கம் ஒன்று விடுபட்டிருக்கிறது. முப்பதாண்டுகளாக 'கிதாபுல் புயூஉ' பாடம் நடத்தி வரும் நாம் அப்போது என்ன செய்தோம் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறோம். வாய் திறக்கவில்லை. சேலை பில் போடும் மேசைக்குச் சென்றது. அங்கே நம் இல்லத்தார்தாம், "தம்பி, இந்தச் சீட்டை ஒரு தடவை நல்லாப் பாத்துடுங்க" என்றார்.

இளைஞர் பேரேட்டைப் புரட்டினார், முகம் மாறியது. மேசையில் இருந்த முதியவர், "சீட்டுல இருக்கற விலைக்கே எடுத்துட்டுப் போங்க பாய், சீட்டு எங்க தப்புதான். மீதியை இவன் சம்பளத்துல மாசாமாசம் புடிச்சுக்குவாங்க" என்றார். இயல்பாகத்தான் சொன்னார், நம்மைக் குத்திக் காட்ட அன்று. நாம் அந்தச் சேலையை வைத்துவிட்டு, நம் கைக்கு எட்டிய வேறொன்றை எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

பேருந்தில் வரும் வழியெல்லாம் ஒரு வினா நம்மை விடவில்லை. விற்பவர் விலையைப் பிழையாகக் குறித்துவிட்டார். வாங்குபவர் அதை அறிந்துகொண்டார். பின் மௌனமாக வாங்கினார். இவ்வணிகம் செல்லுமா? விற்பவர் அவ்விலையைக் காக்கக் கடமைப்பட்டவரா? இன்று இணைய அங்காடிகளில் ஒரு சுழியம் விடுபட்ட விலையைக் கண்டு நள்ளிரவில் ஆர்டர் செய்துவிட்டு, பொருள் வருமா, பணம் திரும்புமா என்று காத்திருக்கும் ஆயிரக்கணக்கானோரின் வினாவும் இதுவே. வினா புதியதன்று. நம் நூல்களில் அதற்கு ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய வரலாறு உண்டு.

முதலில் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். விலைச் சீட்டு என்பதே மனித வணிக வரலாற்றில் அண்மைக் கால வரவு. பேரம் பேசி வாங்கும் சந்தையில் 'பிழை விலை' பெரும்பாலும் தோன்றுவதில்லை. வாய்ப்பேச்சிலேயே பிழை திருந்திவிடும். ஒரே விலை, அதுவும் அனைவருக்கும் ஒரே விலை என்ற வழக்கத்தை 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வலியுறுத்தியவர்கள் ஜார்ஜ் ஃபாக்ஸ் தலைமையில் தோன்றிய குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். கேட்கும் விலை ஒன்று, கொடுக்கும் விலை ஒன்று என்பது பொய்யின் சாயல் என்று அவர்கள் கருதினர். 19ஆம் நூற்றாண்டின் பெரிய பல்பொருள் கடைகள் அதை உலக வழக்கமாக்கின. சமய மனச்சான்றிலிருந்து பிறந்த ஒரு வழக்கம் பின்னர் கடைக்காரரின் வசதியாயிற்று.

மதீனாவின் சந்தையில் விலைச் சீட்டு இல்லை. எனினும் விற்பவர் விலையறியாமல் ஏமாறும் நிலை இருந்தது. வெளியூர் வணிகக் கூட்டங்கள் சரக்குடன் நகரை நெருங்கும்போது, நகரத்தார் சிலர் வழியிலேயே சென்று எதிர்கொண்டு, சந்தை விலை அவர்களுக்குத் தெரியுமுன் மலிவாக வாங்கிவிடுவர். 'தலக்கீ அர்ருக்பான்' எனப்படும் இச்செயலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு வாங்கப்பட்டால், சரக்குக்குரியவர் சந்தைக்கு வந்து சேர்ந்தபின் வணிகத்தை முறித்துக்கொள்ளும் உரிமை பெற்றவர் என்றும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழி வந்து ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் நபிமொழி கூறுகிறது. இங்கே வாங்குபவர் பொய் ஏதும் சொல்லவில்லை. தாம் அறிந்ததை விற்பவர் அறியார் என்பதைப் பயன்படுத்திக்கொண்டார், அவ்வளவே. அதுவே தடைக்குப் போதிய காரணமாயிற்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

விற்பவரும் வாங்குபவரும் பிரியாதவரை இருவருக்கும் விருப்புரிமை உண்டு என்னும் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதன் பிற்பகுதியில், இருவரும் உண்மை பேசி, மறைக்காமல் வெளிப்படுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் உண்டு என்று வருகிறது. சொல்லின் வடிவம் இருமை. குறையை வெளிப்படுத்துவது விற்பவரின் கடமை மட்டுமே என்று நாம் மேடைகளில் பேசிப் பழகிவிட்டோம். வாங்குபவரும் அந்த இருமைக்குள் அடங்குவார் என்பதை மறந்துவிடுகிறோம்.

அதை மறவாதவர் ஜரீர் இப்னு அப்தில்லாஹ் அல்பஜலீ (ரலி) அவர்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபியவர்களிடம் உறுதிமொழி அளித்தவர்களுள் ஒருவர். அவருடைய பணியாள் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்து, பணம் பெற்றுச் செல்ல உரியவரையும் உடன் அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் அவர்கள், இது 300க்கு மேற்பட்டது, 400க்குத் தருகிறீரா என்றார். பின்னும் நூறு நூறாக உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார். தப்ரானீ அவர்களின் இந்த அறிவிப்பை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் எடுத்துக்காட்டியுள்ளார்கள்.

பட்டு நெய்யும் ஊரிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்கினோம் அல்லவா? இவ்வினாவில் நமக்குக் கிடைக்கும் சிறந்த சான்றுகள் இரண்டு பட்டு வணிகர்களைப் பற்றியவையே. ஒருவர் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள்; மறைவு ஹிஜ்ரி 150, கி.பி. 767. கூஃபாவில் அம்ர் இப்னு ஹுரைஸ் (ரலி) அவர்களின் இல்லத்தில் அவருக்கு 'கஸ்' என்னும் துணி விற்கும் கடை இருந்தது. பட்டும் கம்பளியும் கலந்து நெய்த உயர்தரத் துணி அது. ஒரு பெண்மணி பட்டாடை ஒன்றை விற்க வந்து நூறு என்றார். இமாமவர்கள் அதற்கு மேல் பெறும் என்றார்கள். பெண்மணி நூறு நூறாக உயர்த்தி நானூறு வரை வந்தார். அதற்கும் மேல் என்றபோது, தம்மைக் கேலி செய்வதாக அப்பெண்மணி எண்ணினார். வேறொருவரை அழைத்து வந்து மதிப்பிடச் செய்து, முடிவில் ஐந்நூறுக்கு அதை வாங்கினார்கள் என்று இமாமவர்களின் சிறப்புகளைத் தொகுத்த நூல்கள் கூறுகின்றன.

மற்றவர் பஸ்ராவின் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்). ஹிஜ்ரி 140 அளவில் மறைந்தவர். அவரும் 'கஸ்' வணிகர். ஓர் ஊரில் அத்துணியின் விலை ஏறினால் பஸ்ராவிலும் ஏறும் என்பது வணிகர் அறிந்த செய்தி. அவ்வூரில் விலை ஏறியதை அறிந்த யூனுஸ் அவர்கள் ஒருவரிடம் முப்பதாயிரத்துக்குச் சரக்கு வாங்கினார். பின்னர் அவரிடம், இன்ன ஊரில் விலை ஏறியிருப்பதை நீர் அறிவீரா என்று கேட்டார். அறிந்திருந்தால் விற்றிருக்க மாட்டேன் என்றார் அவர். யூனுஸ் அவர்கள் சரக்கைக் கொடுத்துத் தம் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தஹபீ அவர்களின் 'ஸியர்' நூலில் இச்செய்தி உள்ளது. நம் மனத்தை அதிகம் தொடுவது இதுதான். ஏனெனில் யூனுஸ் அவர்கள் முதலில் வாங்கிவிட்டார், பின்னர்தான் மனம் உறுத்தியிருக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் நாம் நின்ற இடம் ஏறத்தாழ அதுதான்.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் ஸரீ அஸ்ஸகதீ (ரஹ்) அவர்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி உண்டு. அறுபது தீனாருக்கு வாதுமைப் பருப்பு வாங்கி, மூன்று தீனார் இலாபம் என்று ஏட்டில் எழுதி வைத்தார். விலை தொண்ணூறுக்கு ஏறியது. தரகர் வந்தார். 63க்கு மேல் விற்கமாட்டேன் என்றார் ஸரீ. தொண்ணூறுக்குக் குறைத்து வாங்கி ஒரு முஸ்லிமுக்கு நட்டம் செய்யமாட்டேன் என்றார் தரகர். இவரும் விற்கவில்லை, அவரும் வாங்கவில்லை. பொருளியல் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பர். நம் மாணவர்களும் சிரிக்கவே செய்கிறார்கள்.

சிறப்புநூல் கதைகளில் மிகை இருக்கலாம். அறிவிப்புத் தொடர்களை உரைகல்லில் தேய்த்தால் சில தேறா. ஆயினும் ஒரு சமுதாயம் தன் பேரறிஞர்களைப் பற்றி எத்தகைய கதைகளைப் பாதுகாத்தது என்பதும் வரலாறுதான்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் வியப்பு. கடையில் அமர்ந்து நூறைத் ஐந்நூறாக்கிய அதே இமாமவர்களின் மத்ஹபில், ஏமாற்று இல்லாத வெறும் விலை நட்டம் வணிகத்தை முறிக்காது என்பதே வெளிப்படையான கருத்து. 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசு தொகுத்த 'மஜல்லத்துல் அஹ்காம்' பெருநட்டத்துக்கு அளவே வகுத்தது: சரக்குகளில் இருபதில் ஒரு பங்கு, கால்நடைகளில் பத்தில் ஒரு பங்கு, நிலம் வீடு போன்றவற்றில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் பெருநட்டத்துடன் ஏமாற்றும் சேர்ந்தாலன்றி முறிக்கும் உரிமை இல்லை என்றது. அநாதைகளின் சொத்தும் வக்ஃபும் பைத்துல் மாலும் மட்டும் விலக்கு. ஷாஃபிஈ நூல்கள் இன்னும் கடுமையானவை. கண்ணாடித் துண்டை மாணிக்கம் என்று தானாகவே எண்ணிப் பெருவிலைக்கு வாங்கியவருக்கு மீட்சி இல்லை. விசாரித்திருக்க வேண்டியது அவர் பொறுப்பு. ஹன்பலீ அறிஞர்கள் சற்று இளகுவர். விலை அறியாமலும் பேரம் பேசத் தெரியாமலும் எதிராளியை நம்பிவிடும் 'முஸ்தர்ஸில்' என்பவருக்கு இப்னு குதாமா (ரஹ்) அவர்களின் 'அல்முஃக்னீ' விருப்புரிமை அளிக்கிறது.

எனினும் ஷாஃபிஈ மத்ஹபிலேயே, நம் அரபுக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் ஓதப்படும் 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூலில், 'முராபஹா' பாடத்தில் ஒரு பகுதி இருக்கிறது. பல்லாண்டுகள் அதை ஓதிக்கொடுத்தும் அதன் அருமை நமக்கு விளங்கியதில்லை. முராபஹா என்பது வாங்கிய விலையைச் சொல்லி, அதன்மேல் இவ்வளவு இலாபம் என்று விற்பது. விற்பவர் நூறுக்கு வாங்கினேன் என்று சொல்லி விற்றுவிட்டார். பின்னர் வந்து, இல்லை, அது நூற்றுப்பத்து, தவறிச் சொல்லிவிட்டேன் என்கிறார். என்ன செய்வது?

வாங்கியவர் அதை உண்மை என ஒப்புக்கொண்டால் வணிகமே செல்லாது என்றார் இமாம் ராஃபிஈ (ரஹ்). மறைவு ஹிஜ்ரி 623. அரை நூற்றாண்டுக்குப் பின் மறைந்த இமாம் நவவீ அவர்கள் அவ்விடத்திலேயே குறுக்கிட்டு, வணிகம் செல்லும் என்பதே மிகச் சரியானது என்று திருத்தினார்கள். கூடுதல் பத்து சேராது; ஆனால் விற்றவர் முறித்துக்கொள்ளலாம் என்று அவர்களின் வேறு நூல் விளக்குகிறது. வாங்கியவர் மறுத்தால்? விற்றவர் தம் பிழைக்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் காட்டாவிடில் அவர் சொல்லும் ஏற்கப்படாது, சான்றும் ஏற்கப்படாது. ஏற்கத்தக்க காரணம் காட்டினால் சான்று கேட்கப்படும். காரணத்துக்கு விரிவுரையாளர்கள் தரும் எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? என் ஏட்டைப் பார்த்தேன், ஒரு சரக்கின் விலைக்குப் பதில் மற்றொரு சரக்கின் விலையைப் படித்துவிட்டேன் என்பது! இவ்விரண்டு நிலையிலும் வாங்கியவரை ஆணையிடச் சொல்ல விற்றவருக்கு உரிமை உண்டு. ஆணை எதன்மேல்? உண்மை விலை அதுவென்பதைத் தாம் அறிந்திருக்கவில்லை என்பதன்மேல்.

இது கொள்முதல் விலையைச் சொல்லி விற்கும் வணிகத்துக்கு உரிய சட்டம்; எல்லா விலைச் சீட்டுக்கும் அப்படியே பொருத்த இயலாது என்பதை மாணவர்களுக்குச் சொல்வதுபோல் இங்கும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வழக்கின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பதை அந்நூல் சரியாகத் தொட்டிருக்கிறது. விலை எவ்வளவு குறைந்தது என்பதன்று. வாங்கியவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதே வினா.

ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே வினா சிங்கப்பூரின் உயர்நீதிமன்றத்தில் எழுந்தது. 2003 ஜனவரி 8 அன்று டிஜிலேண்ட் என்ற நிறுவனத்தில் விலைகளைப் பதிவேற்றும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பயிற்சிக்கென இட்ட எண் தவறி உண்மையான தளங்களில் ஏறிவிட்டது. 3,854 வெள்ளி விலையுள்ள எச்.பி. நிறுவனத்தின் வண்ண லேசர் அச்சுப்பொறிக்கு விலை 66 வெள்ளி! ஐந்து நாள் யார் கண்ணிலும் படவில்லை. ஜனவரி 13 பின்னிரவில் செய்தி நண்பர்களிடையே பரவியது. காலையில் நிறுவனம் விழித்துக்கொள்வதற்குள் 784 பேர் 4,086 அச்சுப்பொறிகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தனர். கணினி ஒவ்வொருவருக்கும் தானாகவே உறுதி மடல் அனுப்பியிருந்தது.

நிறுவனம் தர மறுத்தது. ஆறு பேர் வழக்குத் தொடுத்தனர். அந்த ஆறு பேர் மட்டும் கேட்டவை 1,606 அச்சுப்பொறிகள். கொடுக்க வேண்டியது 1,05,996 வெள்ளி. உண்மை விலையோ 61,89,524 வெள்ளி. படித்தவர்கள், நண்பர்கள், அவர்களுள் ஒருவர் வழக்கறிஞர். உறுதி மடல் வந்துவிட்டது, ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். வழக்கை விசாரித்த வி. கே. ராஜா அவர்கள் 2004 ஏப்ரலில் தீர்ப்பளித்தார். அன்றிரவு அவர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளும், ஒருவர் இணையத்தில் உண்மை விலையைத் தேடிப் பார்த்ததும், வீட்டுக்கு ஒன்றென வாங்காமல் நூற்றுக்கணக்கில் வாங்கியதும் அவர்தம் உள்ளத்துக்குச் சாட்சியாயின. பிழை என்று அறிந்தே வாங்கினர். எனவே ஒப்பந்தம் செல்லாது. 2005 ஜனவரி 13 அன்று, சரியாக ஈராண்டு கழித்து, மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இத்தீர்ப்புக்கு ஆங்கிலச் சட்டத்தில் மூதாதை ஒன்று உண்டு. 1939இல் தீர்ப்பான ஒரு வழக்கில், ஒரு வணிகர் அர்ஜென்டினாவின் காட்டுமுயல் தோல்களை விற்க முன்வந்தபோது, ஒரு தோலுக்கு இவ்வளவு என்பதற்குப் பதில் ஒரு பவுண்டு எடைக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டார். மூன்று தோல் சேர்ந்தால் ஒரு பவுண்டு. விலை மூன்றில் ஒன்றாயிற்று. தோல் வணிகத்தில் பழகிய எவருக்கும் அது பிழையென்று தெரியாமல் இராது என்று கூறி, வாங்க வந்தவரின் வழக்கு தள்ளப்பட்டது. தோல் வணிகத்தில் தோய்ந்த ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்கள் இதைப் பெரிதும் சுவைப்பர்.

நம் மத்ரஸா ஆசிரியர் ஒருவரிடம் இத்தீர்ப்பை விளக்கியபோது, "அப்போ மின்ஹாஜ்ல யமீன் போடச் சொல்றதும் இவங்க குறுக்கு விசாரணை பண்றதும் ஒண்ணுதானே ஹஸ்ரத்?" என்றார். ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபாடு ஒன்று உண்டு. ஆணையிட்டவரின் உள்ளத்தை இறைவனிடம் விட்டுவிட்டார்கள் ஃபுகஹாக்கள். ராஜா அவர்களிடம் நள்ளிரவுச் செய்திகளின் பதிவு இருந்தது.

இனி இந்தியாவுக்கு வந்தால் காட்சி மாறுகிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, இரு தரப்பாரும் அடிப்படைச் செய்தி ஒன்றில் பிழைபட்டிருந்தால் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஒருவர் மட்டும் பிழைபட்டால், அதன் பொருட்டு மட்டுமே ஒப்பந்தம் முறியாது என்கிறது 22ஆம் பிரிவு. எனவே பிழையைச் சொல்லித் தப்புவது இங்கே விற்பவருக்கு எளிதன்று. 2014 டிசம்பரில் அமேசான் தளத்தில் 23,499 ரூபாய் மடிக்கணினி 190 ரூபாய்க்கு என்று காட்டப்பட்டது. ஒடிசாவில் சட்டம் பயின்ற மாணவர் ஒருவர் ஆர்டர் கொடுத்தார். இரண்டு மணி நேரத்தில் விலைச் சிக்கல் என்று கூறி அது நீக்கப்பட்டது. மாணவர் விடவில்லை. மாவட்ட மன்றம் சிறு தொகை வழங்கியது. 2021 ஜனவரியில் மாநில நுகர்வோர் ஆணையம் இழப்பீடும் தண்டத்தொகையும் செலவும் சேர்த்து 45,000 ரூபாய் தருமாறு ஆணையிட்டது. விளம்பரம் செய்து, ஆர்டரையும் உறுதி செய்தபின் பின்வாங்குவது தகாது என்பது ஆணையத்தின் நிலை. சிங்கப்பூர் வாங்குபவரின் உள்ளத்தை ஆராய்ந்தது. ஒடிசா விற்பவரின் வாக்கை ஆராய்ந்தது.

இரண்டையும் பிரிக்கும் மற்றொரு நுட்பமும் உண்டு. விலையுடன் பொருளைக் காட்டி வைப்பது 'ஈஜாப்' ஆகுமா, அதாவது விற்கிறேன் என்ற சொல்லாகுமா? 1953ஆம் ஆண்டு பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் ஆங்கில நீதிமன்றம் ஆகாது என்றது. அது வாங்க வருமாறு அழைப்பதே. வாங்குபவரே கேட்கிறார், கடைக்காரர் ஏற்கலாம், மறுக்கலாம். அரபு நாட்டுச் சட்டங்கள் மறுபக்கம் நிற்கின்றன. விலை குறித்துப் பொருளைக் காட்சிக்கு வைப்பதே ஈஜாப் என்று இராக்கின் 1951 உரிமையியல் சட்டம் எண்பதாம் பிரிவிலும், ஜோர்டானின் 1976 சட்டமும் கூறுகின்றன. தொலைவிலிருந்து கருவிகள் வழி நடக்கும் ஒப்பந்தங்கள் பற்றி இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதெமி 1990 மார்ச்சில் ஜித்தாவில் கூடி முடிவெடுத்தபோது அவை செல்லும் என்றது. ஆனால் அன்று கைபேசியில் விரல் வைத்து வாங்கும் காலத்தை எவர் எதிர்பார்த்தார்?

சட்டம் கட்டாயப்படுத்தாமலே விலையைக் காத்த நிறுவனங்களும் இருக்கின்றன. 329 பவுண்டு புகைப்படக் கருவித் தொகுப்பை நூறு பவுண்டு என்று குறித்துவிட்ட கோடக் நிறுவனம், உறுதி மடல்கள் சென்றுவிட்டதால் 2002 ஜனவரியில் அவ்விலைக்கே கொடுத்தது. 1999இல் 299 பவுண்டு தொலைக்காட்சிப் பெட்டியை 2.99 என்று காட்டிய ஆர்கோஸ் தர மறுத்தது. பெயர் கெடுமே என்ற அச்சமும் கணக்கும் இவற்றில் கலந்திருக்கும். அறம் மட்டும் என்று நாம் எழுதினால் அது மிகையாகும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு செய்தி உண்டு. 2005 டிசம்பர் 8 அன்று தோக்கியோ பங்குச் சந்தையில் மிசுஹோ நிறுவனத்தின் ஊழியர் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்பதற்குப் பதில் 6,10,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்கப் பதிவு செய்துவிட்டார். நட்டம் நாற்பது பில்லியன் யென் அளவு. அப்பிழையால் ஆதாயம் பெற்ற பெரிய தரகு நிறுவனங்கள் சில, பொதுமக்களின் கண்டனத்துக்குப் பின் அதைத் திருப்பித் தர முன்வந்தன. யூனுஸ் இப்னு உபைத் அவர்களுக்குக் கண்டனம் தேவைப்படவில்லை.

ஃபுகஹாக்கள் நீதிமன்றத்தில் செல்லுபடியாவதைக் 'களா' என்றும், இறைவனுக்கும் அடியானுக்கும் இடையே உள்ளதைத் 'தியானத்' என்றும் பிரித்தனர். அபூஹனீபா அவர்களின் சட்டத்துக்கும் கடைக்கும் இடையே நாம் கண்ட இடைவெளி இதுதான். சட்டம் எல்லா வணிகத்தையும் திறந்துவிட்டால் சந்தையில் எவர் சொல்லுக்கும் உறுதி இராது. ஆகவே அங்கே கதவை இறுக்கினார்கள். தம் கடையில் அக்கதவைத் தாமே திறந்தார்கள். முறிக்க விரும்பும் எதிராளிக்கு இசைந்து கொடுக்கும் 'இகாலா'வைக் கடமை என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. ஆனால் அவ்வாறு இசைபவரின் சறுக்கலை இறைவன் மறுமையில் மன்னிப்பான் என்ற நன்மாராயம் அபூதாவூதில் இருக்கிறது. நம் பிள்ளையார்பாளையத்து முதியவர் அதன் மறுபக்கத்தைச் செய்தார். பிழை எங்களுடையது, விலை உங்களுடையது என்றார். அவர் விலையைக் காத்தார், சரிதான். பாரம் எவர் தலையில் விழ இருந்தது என்பதையும் உடனே சொல்லிவிட்டாரே, அதைத்தான் இணைய அங்காடி ஒருபோதும் சொல்வதில்லை. அங்கே பிழைக்கு முகமே இல்லை. தளத்தின் பெயர் பெரிதாகத் தெரியும். அதில் பொருள் விற்பவர் பெரும்பாலும் எங்கோ ஒரு சிறுவணிகராக இருப்பார். பெருநிறுவனத்திடம் எடுத்ததாக எண்ணுவது அவர் கையிலிருந்து எடுத்ததாக முடியலாம்.

முகமின்மை இன்னும் ஆழமாகியிருக்கிறது. 2017 ஏப்ரலில் சிங்கப்பூரின் குவோயின் என்ற மின்நாணயச் சந்தையில் கணினிக் கோளாறால், வழக்கமான விலையைப் போல் ஏறத்தாழ 250 மடங்கு விலைக்கு வணிகம் நடந்துவிட்டது. விற்றதும் நிரல், வாங்கியதும் நிரல், மனிதர்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். சந்தை நிறுவனம் மறுநாள் அவ்வணிகங்களைத் திருப்பிவிட்டது. டிஜிலேண்ட் தீர்ப்பைத் துணைக்கு அழைத்தது. 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையாய் மறுத்துவிட்டது: அறிந்திருந்தாரா என்று ஆராய வேண்டியது நிரலை எழுதியவரின் உள்ளத்தை, அவர் எழுதியபோது இப்படியொரு பிழையை எதிர்பார்த்துச் சுரண்ட எண்ணவில்லை, எனவே திருப்பியது தவறு. நவவீ அவர்களின் ஆணையை இப்போது எவரிடம் வாங்குவது?

இதை எழுதிக்கொண்டிருக்கையில் நம் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து வினா வந்தது. சென்னையில் பணிபுரிகிறார். இணைய அங்காடி ஒன்றில் ஒரு சுழியம் குறைந்த விலையில் கைபேசிகள் தோன்ற, ஐந்துக்கு ஆர்டர் கொடுத்துப் பணமும் செலுத்திவிட்டார். ஒன்று தமக்கு, நான்கு விற்பதற்கு. கூடுமா என்று கேட்டார். விலை பிழையென்று அறிந்துதானே ஐந்து வாங்கினீர் என்று திருப்பிக் கேட்டோம். சற்று நேரம் பதில் இல்லை. பின் நான்கை நீக்கிவிட்டதாகவும், ஒன்றை மட்டும் விட்டு வைத்திருப்பதாகவும் எழுதினார். அந்த ஒன்றை நீக்கும்படி நாம் வற்புறுத்தவில்லை; அரக்குச் சேலையின் முன் மௌனமாக நின்ற கால்கள் நம்முடையவை. மூன்றாம் நாள் நிறுவனமே அதையும் நீக்கிப் பணத்தை அனுப்பிவிட்டது. மூன்று நாள் தம் பணம் அவர்களிடம் இருந்ததே, அதற்கு என்ன ஹுக்மு என்று நேற்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை.